ரப்பர் மாமாவின் ராட்சசன்

மைசூர் சமஸ்தானம் முழுவதையும் சலித்துப் பார்த்தாலும், தான் வரைந்த படத்தைப் பார்த்துத் தானே நடுங்கிய ஓவியர் ரப்பர் மாமா ஒருவர்தான் கிடைப்பார்.

அப்போது நான் தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் அச்சகத்தில் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன். பழைய ராஜா ராணிக் கதைகளைச் சிரிக்கச் சிரிக்கத் திருப்பிச் சொல்லும் குழந்தைப் புத்தகங்கள் போடுவோம். படமெல்லாம் ரப்பர் மாமா. வரைகிற நேரத்தைவிட அழிக்கிற நேரம் அதிகம் என்பதால் அந்தப் பெயர்.

காலையில் ஒரு ராட்சசனை வரைவார். கோரைப் பல், சிவந்த கண், கையில் கதாயுதம். மத்தியானம் அவனுக்கு எதிரே உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட மாமாவால் முடியாது. "முறைக்கறான் ஓய்!" என்று ரப்பரை எடுப்பார். முதலில் பல் போகும். பிறகு கதாயுதம் போய்க் குடை வரும். சாயந்திரம் பார்த்தால் ராட்சசன் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு ஜலதோஷத்தோடு நிற்பான். இப்படித்தான் எங்கள் சூனியக்காரிக்குக் காலில் கட்டு வந்தது. ஆளை விழுங்கும் ஓநாய் மோர் டம்ளரோடு உட்கார்ந்தது. "என்ன ஹாஸ்யம்!" என்று ஊரே மெச்சியது. ஹாஸ்யமாவது! அத்தனையும் பயம்.

ஒரு தடவை மச்சினி கல்யாணத்துக்குச் சாமராஜநகர் போனார். போகிற அவசரத்தில், ராஜகுமாரியைத் தூக்கிக்கொண்டு போகும் ராட்சசனை அழிக்காமல் மேஜைமேல் விட்டுவிட்டார். முதலாளிக்கோ தசராவுக்குள் புத்தகம் வந்தாக வேண்டும். படத்தை அப்படியே அச்சடித்து விற்கவும் ஆரம்பித்துவிட்டார்.

திரும்பி வந்த மாமா புத்தகத்தைப் பிரித்தார். முகம் வெளுத்தது.

"பல்லோடயா போட்டேள்? குழந்தைகள் பார்த்தா ஜுரம் வந்துடாதோ?"

"ஒரு ஜுரமும் வராது. போய் வேலையைப் பாரும்" என்றார் முதலாளி.

மாமா தூரிகையும் மைப்புட்டியுமாகத் தெருவில் இறங்கிவிட்டார். புத்தகம் வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், "ஒரு சின்னத் திருத்தம்" என்று ராட்சசன் வாயை மூடி மீசை போட்டுவிட்டு வந்தார். ஒரு வக்கீல் வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்களாம். "நாய் கிடக்கட்டும், அந்தப் படத்தைக் குடுங்கோ" என்றாராம் இவர்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஊர் பூராப் புஸ்தகத்தைக் கெடுத்துண்டு திரியறார். பிடிச்சுண்டு வாரும். இல்லேன்னா நாளைலேர்ந்து அவர் இங்கே வேண்டாம்."

இந்த மனிதரை வேறு யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? ஜட்கா பிடித்துத் தெருத்தெருவாகத் தேடினேன். அக்ரஹாரத்தில் ஒரு வீட்டிலிருந்து குழந்தை அலறும் சத்தம். உள்ளே ஓடினால், ஒரு சின்னப் பெண் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி கதறிக்கொண்டிருக்கிறாள். எதிரே வியர்த்துக் கொட்ட மாமா.

"பார்த்தீரா ஓய்! பயந்துபோயிடுத்து!"

"பயமாவது, ஒண்ணாவது! நீங்க பல்லை அழிச்சுட்டேள்னு அழறா" என்றாள் குழந்தையின் அம்மா.

"என் ராட்சசனைக் கெடுத்துட்டார்! பல்லு பேக்கு, பல்லு வேணும்! பெரிய பல்லு பேக்கே பேக்கு!" என்று கன்னடமும் தமிழுமாகக் குதித்தது குழந்தை.

"மாமா, முதலாளி கோபமா இருக்கார். வரைஞ்சு குடுத்துட்டு வாங்கோ" என்று கெஞ்சினேன்.

தூரிகையை எடுத்தார். படத்தருகே கொண்டுபோவதும் பின்னுக்கு இழுப்பதுமாக இருந்ததில் மை தரையில் சொட்டியது. குழந்தை அழுகையை நிறுத்தி அவரையே பார்த்தது. பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டது.

"பயப்படாதீங்கோ மாமா. நான் இங்கேயேதான் இருக்கேன்."

மீசைக்குக் கீழே முதல் பல் கோணலாக வந்தது. "இன்னும் பெரிசு" என்றது குழந்தை. அடுத்தது பெரிசாக வந்தது. வாய் நிறைந்ததும் மாமா சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, புத்தகத்தை அதன் கையில் கொடுத்தார். குழந்தை படத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தது. மாமாவும் மெல்ல எட்டிப் பார்த்தார்.

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது. மாமாவின் வேலை பிழைத்தது.

பல வருஷம் கழித்து எனக்கொரு பெண் பிறந்தாள். அவளுக்கு முதல் படம் வரைந்து கொடுக்கச் சொல்லி நான் போய் நின்றது ரப்பர் மாமா வீட்டு வாசலில்தான்.