சுப்பண்ணன் கவலை இறைத்த பரணி

சல்லடையாய்க் கிழிந்த சால் என்னும் தோற்பறியைக் கொண்டு, ஓரடியும் பின்வைக்காத இரு காளைகளைப் பூட்டி, ஐந்து குதிரைகளின் வேகத்தில் கிணற்று நீரை இறைத்தவன் இம்மண்ணுலகில் ஒருவனே. அவன் துடியலூருக்கு மேற்கே நாலு ஏக்கர் மஞ்சளுக்கும் இரண்டு ஏக்கர் வாழைக்கும் அதிபதியாகிய சுப்பண்ணன். வாழ்க அவன் தோள்! வாழ்க அத்தோளிற் கிடந்த ஈரிழைத் துண்டு! நம்பாதவர் உண்டு. அவருள் தலையாயவர், அவன் மனைவி வள்ளியாத்தாளின் அண்ணனும் அடுத்த தோட்டக்காரருமான நஞ்சுண்டன். அவரையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டே சொல்கிறேன், கேளுங்கள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மார்கழியில் ஒரு முற்பகல், கொங்கு நாட்டு வேளாண் மரபைப் பற்றிய சுற்றுலாக் கையேட்டுக்கு அட்டைப்படம் பிடிக்க, கோவையிலிருந்து ஜீப்பேறி, ஒற்றைக்கண் கருவியை மார்பில் ஏந்தி எழுந்தருளினார் மோகன்குமார். அவர் வேண்டியது கவலை. மாடுகள் இரண்டும் சரிவில் இறங்கினால் கிணற்றிலிருந்து சால் நீருடன் மேலேறும், அவை பின்னோக்கி நடந்து மேடேறினால் சால் கீழிறங்கும், அதுவே கவலை. மோட்டார் வந்ததுமுதல் இருபத்தாறு ஆண்டுகளாக அத்தோட்டத்தில் யாரும் அதைத் தொட்டதில்லை என்பது மரபுக்கு ஒரு பொருட்டன்று.

"பன்னெண்டு மணிக்குள்ள தண்ணி கொட்டற மாதிரி படம் கிடைச்சா அட்டைக்குப் போட்டறலாங்க. இல்லீன்னா அந்தத் தோட்டத்துக் கிணத்துக்குப் போயறேன்" என்று பிரகடனம் செய்து, மோகன்குமார் விரல் நீட்டிய திக்கில் இருந்தது நஞ்சுண்டனின் தோட்டம். இடிவிழுந்த ஆலமரமானான் சுப்பண்ணன். ஏனெனில், தன் தோட்டமே அட்டையில் வரப்போகிறது என்று துடியலூரில் முடிதிருத்துபவர் தொடங்கி எண்ணெய்ச் செக்கு வரை ஏற்கெனவே சொல்லியாயிற்று.

முதற்போர் மறைப்புப் போர். மோட்டார் அறை சோளத்தட்டுப் போருக்குள் புதைந்தது. மின்கம்பம் தென்னங்கீற்றுப் போர்வை பூண்டது. நீலப் பிளாஸ்டிக் டிரம் வாழைக்குள் வனவாசம் ஏகியது. டி.வி. ஆண்டெனா கூரையிறங்கியது. சுப்பண்ணனின் டெரிலின் சட்டையும் கைக்கடிகாரமும் வள்ளியாத்தாள் கைக்கு மாறின. இவ்வாறு, அத்தோட்டத்தில் விவசாயத்துக்கு உதவிய அனைத்தும் மறைந்த பின், விவசாயம் தெளிவாகத் தெரிந்தது.

இரண்டாம் போரில் வந்தன காளைகள். அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய, திமில் மலையொத்த, கொம்பு பிறையொத்த, தேங்காய் வண்டி இழுத்துத் தேர்ந்த காங்கேயம் காளைகள். வடம் பூட்டியதும் சரிவில் இறங்கின, கடல் நோக்கிய நதிபோல. சால் மேலேறியது. ஆயின் இருபத்தாறு கோடை பரணில் காய்ந்த தோல் அல்லவா? நீரெல்லாம் வழியிலேயே கிணற்றுக்குத் திரும்பிவிட, உச்சியை அடைந்தவை மூன்று துளியும் ஒரு தவளையுமே.

"பின்னால போ கண்ணு! போ சாமி!" என்று இறைஞ்சினான் வீரன். வண்டிமாடுகள் முன்னோக்கி நடக்கவே பிறந்தவை, புறங்காட்டல் அறியாதவை. சுப்பண்ணன் தள்ளினான், கெஞ்சினான், நெற்றியோடு நெற்றி முட்டினான். சரிவின் அடியில் அவை இரண்டும் கல்வெட்டாய் நின்று அசைபோட்டன.

தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் அமர்ந்து வெற்றிலை மென்ற நஞ்சுண்டன், சங்கநாதம்போல் ஒரு சொல் விடுத்தார்: "ஏனுங்க மாப்பிள்ளை, வண்டிமாட்டுக்கு ரிவர்ஸ் கியர் வெச்சிருக்குதுங்களா?"

"சித்தெ பேசாம இருங்க மச்சான், மாடு கூச்சப்படுது!" என்றான் சுப்பண்ணன்.

மணி பதினொன்றே முக்கால். மோகன்குமார் பெருமூச்செறிந்தார். "உள்பக்கத்துக்கு வறட்சியா ஒண்ணு எடுத்துக்கறனுங்க. அந்த மோட்டார்க் குழாய் வாய் மட்டும் தெரியுது, எதையாவது போட்டு மூடுங்க." மேலே தொங்கிய சாலின் அடியில் நீர் கொட்டும் குழலாகிய தோல்வாலை எடுத்து, தொட்டிக்குள் நீட்டியிருந்த குழாயின் வாயில் உறைபோல் மாட்டி, துண்டால் இறுக்கிக் கட்டினான் சுப்பண்ணன், தோற்ற மன்னன் தன் வாளை உறையிடுவதுபோல.

இங்கே ஓர் உண்மை உரைத்தல் வேண்டும். கரண்டு எப்போது வரும் என்று எவரும் அறியாத அந்நாட்டில், வந்ததும் மோட்டார் தானே ஓடும்படி ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டுவைப்பது சுவாசிப்பது போன்றது. போட்டவர் நினைப்பதில்லை, நினைத்து எவரும் எடுப்பதில்லை. மோட்டாரை மறைத்தார்களேயன்றி அணைத்தாரில்லை.

மும்முனை மின்சாரமே! கேட்டபோது வாராத தெய்வமே! கேளாதபோது வந்தாய்!

சோளத்தட்டுப் போருக்குள் சிங்கம் உறுமியது. தோல்வால் ஒரு கணம் மலைப்பாம்பாய்ப் புடைத்தது. மறுகணம், ஊழிக்காலத்து மேகம் உடைந்தாற்போல், ஐந்து குதிரைத்திறன் வெள்ளம் சீறிப்பாய்ந்து, எதிர் விளிம்பில் வீற்றிருந்த நஞ்சுண்டனை வெற்றிலையோடு தூக்கி வாழைக்குள் எறிந்தது. காளைகளோ அப்போதும் அசையவில்லை; படத்துக்கு அதுவே பொருத்தமாயிற்று. மோகன்குமாரின் கருவி இமைத்தது. மணி பதினொன்று ஐம்பது.

பங்குனியில் கையேடு வந்தது. அட்டையில் இரண்டு காளைகள், உயர்ந்த சால், தோல்வால் கக்கும் பேரருவி. கீழே, "தலைமுறை தலைமுறையாக மாறாத நீரிறைப்பு" என்றொரு வரி. ஓரத்தில் கைகளிரண்டையும் விரித்து அந்தரத்தில் ஓர் உருவம். அதற்கு, "நீர் கண்டு களிகூரும் உழவர்" என்று தனியே ஒரு வரி.

மூன்று மாதமாக, சாலில் சொட்டுத் தண்ணீரும் வரவில்லை என்று ஊரெங்கும் சொல்லிவந்த நஞ்சுண்டன், அப்படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"அண்ணா," என்றாள் வள்ளியாத்தாள், "அந்தத் தோல்ல தண்ணி வந்துச்சுங்களா, இல்லீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

"வந்துச்சு அம்மணி, எனக்கு மூணு நாள் சளி புடிச்சிருந்துச்சு."