மொட்டை மாடியும் முந்நூறு பங்குகளும்

காரைக்கால்,
ஆடி இரண்டாம் வெள்ளி

மதிப்பிற்குரிய தம்பி சிவநாதன் அவர்களுக்கு,

அண்ணி சொர்ணாம்பாள் எழுதுவது. மயிலாடுதுறையில் நீங்களும் உமாமகேஸ்வரியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஓராண்டாக விசாரிக்காதவள் நம்புவதோடு நிறுத்திக்கொள்வதுதான் மரியாதை. நான் நலம். முழங்கால் நலமில்லை.

இந்தக் கடிதத்தில் ஒரு மன்னிப்பும் ஒரு வேண்டுகோளும் இருக்கின்றன. கான்வென்ட்டில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுத்தந்த சிஸ்டர், மன்னிப்பை முதலிலேயே கேட்டுவிட வேண்டும், தள்ளிப்போட்டால் மனம் மாறிவிடும் என்பார். ஆகவே கேட்டுவிடுகிறேன். போன வருஷம் ஆனி மாதம், "அண்ணி, கோவத்துல வித்துடாதீங்க, அண்ணன் வாங்கிவச்ச பங்கு" என்று நீங்கள் சொன்னபோது, "தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்குப் பங்குச் சந்தை புரியாது தம்பி" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். அது தவறு. பங்குச் சந்தை எனக்கும் புரியவில்லை.

நடந்தது உங்களுக்கு முழுதாகத் தெரியாது. அப்போது விவரமாகச் சொல்லும் நிலையில் நான் இல்லை, என் மூக்குக்கண்ணாடி உடைந்திருந்தது. மாங்கனித் திருவிழாவுக்கு உங்கள் அண்ணனும் நானும் அந்த வங்கியின் (பெயரை எழுத மாட்டேன்) மொட்டை மாடியில் நின்றுதான், கீழே போகும் சாமி ஊர்வலத்தின் மேல் மாம்பழம் இறைப்போம். நம் வீடு சந்துக்குள் இருக்கிறது, பிச்சாண்டவர் ஊர்வலம் அங்கே வராது, வங்கியோ ஊர்வலத் தெருவிலேயே இருக்கிறது, பழைய மேனேஜர்கள் எல்லாரும் உங்கள் அண்ணனோடு காப்பி குடித்தவர்கள். அவருடைய ஆண்டுத் திதி முடிந்து வந்த முதல் திருவிழா என்பதால், அவருக்கும் சேர்த்து இரண்டு கூடைப் பழம் வாங்கி வைத்துவிட்டுப் புது மேனேஜரிடம் முறைப்படி அனுமதி கேட்கப் போனேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "வெளியாளுங்களை மாடியில விட முடியாதுங்க மேடம், செக்யூரிட்டி" என்றார். நான் வெளியாள் அல்ல, இந்த வங்கியின் பங்குதாரர், இப்போது நீங்கள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிற நாற்காலியின் சொந்தக்காரர்களில் ஒருத்தி என்று விளக்கினேன். "எத்தனை ஷேருங்க?" என்றார். "முந்நூறு." கால்குலேட்டரை எடுத்து எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "அதுக்கு மாடியில ஒரு செங்கல் வராதுங்களே மேடம்" என்றார். பின்னால் பாஸ்புக்கோடு நின்றவர்கள் சிரித்தார்கள்.

திருவிழா அன்று தெருவில், கூட்டத்தின் நடுவில் நின்றேன். நிமிர்ந்து பார்த்தால், வெளியாட்களுக்கு இடமில்லாத அந்த மாடியில் மேனேஜரின் மனைவி, மனைவியின் தங்கைகள், தங்கைகளின் பிள்ளைகள், ஒரு நாய்க்குட்டி உட்பட எல்லாரும் நின்று பழம் இறைக்கிறார்கள். அதில் ஒன்று, பழம்கூட இல்லை தம்பி, கல்லு மாதிரி காய், நேரே வந்து என் கண்ணாடி மேல விழுந்துச்சு. பக்கத்தில் நின்ற பூக்காரக் காசியம்மா, "யோகம்தான்மா உங்களுக்கு, ஊரே கையை ஏந்திக்கிட்டு நிக்குது, உங்களைத் தேடி வந்துல்ல விழுது" என்றாள். நான் அதை யோகமாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை பக்கத்து வீட்டு நுஸ்ரத்தைக் கூப்பிட்டேன். அவள் எம்.காம்., கணவர் அஃப்ரித் துபாயில் இருக்கிறார், இங்கே ஒரு பங்குத் தரகு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், என் கணக்கும் அங்கேதான். முந்நூறையும் விற்கச் சொன்னேன். "மேனேஜர் மேல கோவம்னா மேனேஜரைத் திட்டுங்க பெரியம்மா, ஷேர் என்ன பண்ணுச்சு?" என்றாள். "விக்கிறியா, நான் வேற ஆளைப் பாக்கவா?" என்றேன். விற்றாள்.

வந்த பணத்தை எதில் போடுவது என்று கேட்டாள். கட்டடம் இல்லாத, மேனேஜர் இல்லாத, மொட்டை மாடி இல்லாத ஒன்றில் போடு என்றேன். வருமானத்துக்கென்றே திரட்டிய ஈ.டி.எஃப். ஒன்றைச் சொன்னாள்: டிவிடெண்ட் தாராளமாகக் கொடுக்கும் பல கம்பெனிகளின் பங்குகளை ஒரே கூடையில் போட்டு வைத்திருப்பார்கள், கூடையில் நமக்கும் கொஞ்சம், வருவதை அவ்வப்போது பிரித்துக் கொடுப்பார்கள். பணம் வரத்தான் செய்கிறது, குறை சொல்லக்கூடாது. ஆனால் ஃபோன் ஒரு தடவை முனகும், எடுத்துப் பார்த்தால் ஒரே ஒரு வரி, அந்த ஒரு வரியிலும் பிழை, அதை யாரிடம் போய்ச் சொல்வது, போய் நிற்க ஒரு வாசல்கூட இல்லையே. சரி, கூடையில் என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று ஒருநாள் கேட்டேன். நுஸ்ரத் ஃபோனைக் கொடுக்கத் தயங்கினாள். முதல் இடத்தில் அந்த வங்கி. "வருமானம்னு தேடினா பேங்க்கும் வரத்தானே செய்யும் பெரியம்மா" என்றாள். ஆக, முன்வாசலில் கோபித்துக்கொண்டு வெளியேறி, பின்வாசல் வழியாக அந்த மேனேஜருக்கே மறுபடி முதல் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை செங்கல் கேட்கக்கூட உரிமை இல்லை. நான் விற்ற பிறகு அந்தப் பங்கு எவ்வளவு ஏறியது என்பதை எழுதப்போவதில்லை. உங்களிடம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். இதுவரை சொல்லிக்காட்டாததற்கு நன்றி.

விலைகூடப் போகட்டும் தம்பி. திருவிழா முடிந்த சில நாளில் அந்த வங்கியின் ஆண்டறிக்கை தடித்த உறையில் வரும். எல்லாருக்கும் மின்னஞ்சலில் போவதை நான் புத்தகமாக வேண்டும் என்று எழுதிக் கேட்டு வாங்குவேன். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து பிழை திருத்தித் தலைமை அலுவலகத்துக்கே திருப்பி அனுப்புவேன். உங்கள் அண்ணன் எதிரே உட்கார்ந்து, "லாபம் என்னன்னு பாத்தியா சொர்ணம்?" என்பார். "லாபமெல்லாம் சரியாத்தான் இருக்கு, தலைவர் உரையிலதான் ஒரே தப்பு" என்பேன். உறையின் மேல் 'திருமதி சொர்ணாம்பாள், திருஞானசம்பந்தம் அவர்களின் மனைவி' என்று அச்சிட்டிருக்கும். அவர் போன பிறகு கேஸ் கனெக்ஷன்ல பேரை மாத்துனாங்க, கரண்டு பில்லுல மாத்துனாங்க, வீட்டு வரியில மாத்துனாங்க, எல்லாத்துக்கும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அந்த உறை மட்டும் அப்படியே வந்துகொண்டிருந்தது. போன வருஷம்கூட, நான் விற்பதற்கு முன்பே பட்டியல் போட்டுவிட்டார்கள் போல, வந்துவிட்டது. இந்த வருஷம் வரவில்லை. தபால்காரர் சுப்ராயன் தாமாகவே, "என்னம்மா, உங்க பேங்குப் புஸ்தகத்தை இன்னும் காணுமே" என்கிறார். தாமதமாகும் போலிருக்கிறது என்று பொய் சொன்னேன். ஒரு மாங்காய்க்காக நானே நிறுத்திவிட்டதை அவரிடம் எப்படிச் சொல்வது?

இனி வேண்டுகோள். கூடையை விற்றால் இன்றைய விலைக்கு இருநூறு பங்குதான் தேறும். முந்நூறுக்குக் குறைந்தவர்களுக்குப் புத்தகம் அனுப்புவார்களா என்று தெரியவில்லை, நுஸ்ரத்திடம் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. என் முந்நூறை வாங்கிய அதே நாளில் அண்ணன் உங்களுக்கு வாங்கிக் கொடுத்த நூறையும் எனக்குத் தர முடியுமா? பணம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தருவேன். இப்படி யாரிடமும் நான் கேட்டதில்லை. இனி எந்த மேனேஜரோடும் வாதாட மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.

உமாமகேஸ்வரிக்கு என் அன்பு. அம்மையாரின் அருளால் உங்கள் வீட்டில் எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணி சொர்ணாம்பாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டக் கோந்து கேட்டு நுஸ்ரத் வீட்டுக்குப் போனேன். அவள் அனுமதி கேட்காமல் கடிதத்தைப் படித்துவிட்டாள். "புஸ்தகம் வர்றதுக்கு முந்நூறு எதுக்கு பெரியம்மா? ஒரு ஷேர் இருந்தாப் போதும், எழுதிக் கேட்டா இந்த வருஷத்துதையே அனுப்புவாங்க" என்றாள். அங்கேயே நின்று ஒன்று வாங்கினேன். கணக்கில் 'திருஞானசம்பந்தம் அவர்களின் மனைவி' அப்படியே இருக்கிறது, ஓர் எழுத்தும் மாறவில்லை, இரண்டு தடவை பார்த்துவிட்டேன். ஆகவே உங்கள் நூறை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மன்னிப்பையும் திரும்பப் பெறலாமா என்று யோசித்தேன். பேனாவால் எழுதியாகிவிட்டது, இருக்கட்டும், உமாவிடம் காட்ட வேண்டாம். வாதாட மாட்டேன் என்ற வரியை மட்டும் அடித்துவிட்டுப் படியுங்கள். திங்கட்கிழமை அந்த மேனேஜரைப் பார்க்கப் போகிறேன், அடுத்த ஆனிக்கு மாடி வேண்டும். நீங்களும் வாருங்கள். எத்தனை ஷேர் என்று கேட்பார், நூற்றொன்று என்று சேர்ந்து சொல்லலாம்.