ஒரே ஏரியில் ஏழு விரால் பள்ளம்

அடுகோடி, பெங்களூர்
12-10-2003

சிரஞ்சீவி மச்சான் தனக்கோடிக்கு உன் அக்காள் புருஷன் கோவிந்தப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே உன் அக்காளின் முட்டிவலி தவிர எல்லோரும் சௌக்கியம். கிருஷ்ணகிரியில் நீயும் பெண்டு பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க முனீஸ்வரனை வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் முடிந்தது, இனி திட்டுகிறேன்.

நீ போட்ட கார்டு கிடைத்தது. விரால் பள்ளம் புளியமரத்துக்கு நேர் கிழக்கே அறுபது தப்படி என்று எழுதியிருக்கிறாய். நம் ஏரிக்கரையில் ஏதடா புளியமரம்? ஏரியில் மண்ணைக் கொட்டி லேஅவுட் போட்டு இருபது வருஷம் ஆகிறது, பேரன் எடுத்துவிட்டாய், இன்னும் பொய் சொல்கிறாயே. கோடையில் தண்ணீர் வற்றும்போது பெரிய விரால் எல்லாம் போய்ப் பதுங்குகிற பள்ளத்தை நம் ஆட்கள் கட்டின பெண்டாட்டியிடமும் சொல்லமாட்டோம் என்பது எனக்குத் தெரியாதா? எங்கே போகிறாய் என்று எவனாவது கேட்டால் அன்றைக்கு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே திரும்பினவர்கள்தானே நாம். ஆனால் அது தண்ணீர் இருந்த காலம். இப்போது நம் மையத்தின் உயிர் உன் ஒரு கையெழுத்தில் நிற்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போன பொங்கலுக்கு வந்தபோது நம் ஏரி மீனவர் நினைவு மையத்தைப் பார்த்தாய். அதே பழைய பம்ப்ஹவுஸ் அறைதான். ஞாயிறுதோறும் நாங்களே திறக்கிறோம், நாங்களே கூட்டுகிறோம், டீ அவரவர் வீட்டிலிருந்து வருகிறது. உன் பரிசல், என் வீச்சு வலை, பச்சையம்மாள் விவேக் நகர் வரை தலையில் சுமந்து விற்ற மீன் கூடை, எல்லாவற்றுக்கும் என் கையெழுத்திலேயே அட்டை வைத்திருக்கிறேன். நான் பள்ளிக்கூடம் போகாதவன், பஸ் போர்டைப் பார்த்து எழுத்துக் கூட்டினவன். அதில் ஒரு பிழை கண்டுபிடிக்கச் சொல் பார்க்கலாம். இந்த அறையில் ஜெனரேட்டர் வைக்க வேண்டும் என்று ஏரிமேல் கட்டின அடுக்குமாடியின் சங்கச் செயலாளர் சுந்தரேசன் ஒற்றைக்காலில் நிற்கிறார். இங்கே ஏரியில் மீன் பிடித்தார்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கிறார்.

அந்தக் கட்டடத்திலேயே குடியிருக்கும் அம்ருதா நம் பக்கம். எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமை நம் மையத்தில் துடைப்பம். அந்தப் பெண் லேஅவுட் தெருக்களைப் பெரிய தாளில் வரைந்து, மேலே பழைய ஏரியை நீலத்தில் போட்டு, ஆளுக்கொரு சிவப்புப் பொட்டைக் கொடுத்து விரால் பள்ளம் இருந்த இடத்தில் ஒட்டச் சொன்னாள். ஆறு பேர் ஆறு இடத்தில் ஒட்டினோம். உன் புளியமரத்தோடு ஏழு. ஞானசேகரன் ஒட்டினது சுடுகாடு. பச்சையம்மாள் கோயில் கோபுரத்தின் மேல் ஒட்டினாள். "அந்த மனுசன் சாவுறப்ப இங்கதான்னு சொன்னாரு, நான் ஏன் மாத்தி ஒட்டணும்?" என்றாள். அவன் சாகும்போதும் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை, பார்த்தாயா?

"தாத்தா, ஏரியே போயிடுச்சு. இன்னும் யாருகிட்ட மறைக்கிறீங்க?" என்று அம்ருதா கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்குள் சங்கக் கூட்டத்தில் தாள் சுந்தரேசன் கைக்குப் போய்விட்டது. அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "என்ன பெரியவரே, இது ஏரியா இல்ல அம்மைத் தழும்பா? எல்லாருமா ஒரே எடத்தைக் காட்டி சைன் போடுங்கோ, ரூம் உங்களுக்கு. இல்லேன்னா பத்தொம்பதாந்தேதி ஜெனரேட்டர் வந்துடும், அட்ஜஸ்ட் மாடி" என்று கன்னடத்தில் 'அனுசரித்துப் போங்கள்' சொல்லி முடித்தார். அறையின் குத்தகைக் காகிதத்தில் உன் பெயர் இருப்பதால் உன் கையெழுத்தும் கட்டாயமாம்.

அன்றிலிருந்து நான் வீடு வீடாகப் போய் உட்கார்ந்தேன். ஞானசேகரன் வீட்டு வாசலில் மட்டும் மூன்று நாள்.

"உண்மையைச் சொல்லுடா."

"சொன்னா நாளைக்கே நீ வலையோட போயிடுவ."

"அங்க நாலு மாடி நிக்குதுடா!"

"நீ போவ. உன்ன எனக்குத் தெரியும்."

கடைசியில் நானே முடிவு கட்டினேன். பள்ளம் இருந்தது பால் பூத்துக்குப் பின்னால். சத்தியமாக அங்கேதான். என் பொட்டை அங்கே ஒட்டி, மற்றதையெல்லாம் பிய்த்துவிட்டு, இதில் கையெழுத்துப் போடாதவன் வீட்டு வாசலை விட்டு எழுந்திருக்கமாட்டேன் என்றேன். ஆறு பேரும் போட்டுவிட்டோம். தாளை மடித்து இதோடு வைத்திருக்கிறேன். புளியமரத்தைத் தலைமுழுகிவிட்டு, நம் அப்பன் பாட்டன் அந்தத் தண்ணீரில் பாடுபட்டது நிஜம் என்று நாலு பேருக்குத் தெரியும்படி, உண்மைக்குக் கட்டுப்பட்டுக் கையெழுத்துப் போடு. மறைத்து மறைத்துத்தான் நம்மை ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. நீ போடவில்லை என்றால் கிருஷ்ணகிரி பஸ் ஏறி வந்து உன் வாசலிலும் உட்காருவேன். எனக்கு வேறு வேலை கிடையாது.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உன் மாமியாருக்கு என் வணக்கம். முனீஸ்வரன் உனக்கு நல்ல ஆயுளையும் அதில் ஒரு நாளாவது நல்ல புத்தியையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா
கோவிந்தப்பா

பி.கு.: மேலே உள்ளதை அம்ருதா படித்து, "ரொம்ப நல்லா இருக்கு தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போனாள். இது அவள் போன பிறகு எழுதுவது. பால் பூத் பின்னால் எந்தக் காலத்திலும் முழங்கால் தண்ணீர்தான். அது எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் தகராறு இல்லாமல் போட்டார்கள், நீயும் தைரியமாகப் போடு. உன் புளியமரம் நல்ல பொய், நான் மெச்சினேன். பள்ளத்தின் நிஜ இடம் உனக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அதன் மேல் இப்போது சுந்தரேசனின் கார் நிற்கும் கீழ்த்தளம் இருக்கிறது. போன வார மழையில் அங்கே இடுப்பளவு தண்ணீர் ஏறி இன்னும் வடியவில்லை. நேற்று எட்டிப் பார்த்தேன், முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் வாலடித்தது. வாட்ச்மேன் ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டுக்குப் போகிறான். தாளைத் தபாலில் போடாதே, வெள்ளிக்கிழமை நேரில் கொண்டு வா. மையத்து வலையை ஆணியிலிருந்து கழற்றி நனையப் போட்டுவிட்டேன். எங்கே போகிறாய் என்று ஞானசேகரன் கேட்டால், அக்காளின் முட்டிவலியைப் பார்க்க என்று சொல்.