படகுக்கு நான்கெல்லை எழுதியவர்

வைகையில் கணுக்கால் நனையத் தண்ணீர் வராத வருஷத்திலும் கடலில் ஓட்டப் படகு தேடிய மனிதர் மதுரை மாவட்டத்திலேயே ஒருவர்தான். அவருக்கு அடுத்த மேஜையில் ஒன்பது வருஷம் டைப் அடித்தவள் நான்.

அலுவலகத்தில் அவருக்கு ‘மாலுமி’ என்று பெயர். தல்லாகுளத்தில் நில அளவைப் பிரிவில் வேலை. சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். தலைமுறை தலைமுறையாகப் புஞ்சைக்காரர்கள். அப்பா, அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்யாணமும் ஆகவில்லை. ஒரு தடவை அளவை வேலைக்காக அவரை ராமநாதபுரம் கடலோரத்துக்குப் பதினைந்து நாள் அனுப்பினார்கள். அங்கே ஒரு சின்னப் பாய்மரப் படகு, காற்று அடிக்கிற திசைக்கே முகத்தைக் காட்டிக்கொண்டு, வளைந்து வளைந்து கரைக்கு வந்ததைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். திரும்பி வந்து ஒரு வாரம் எந்தக் கோப்பையும் தொடவில்லை.

“காத்து அங்கிட்டுப் போகுதுக்கா, படகு இங்கிட்டு வருது” என்று என்னிடம் மட்டும் பத்து தடவை சொல்லியிருப்பார்.

தானும் ஒரு படகு வாங்கி, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே தொண்டியிலிருந்து தூத்துக்குடி வரை போய்விட்டு வருவது என்று தீர்மானித்தார். ஒற்றை ஆள் தள்ளுகிற அளவு இருந்தால் போதும். புதுசு வேண்டாம், கற்றுக்கொள்கிறவன் இடிக்கிற இடியைப் பழைய படகுதான் தாங்கும் என்றார்.

நீச்சலைக் கீழக்குயில்குடியில் ஒரு தோட்டத்துக் கிணற்றில் கற்றார். பாய் பிடிக்கக் கற்றது ஒத்தக்கடைப் பக்கம், சொட்டுத் தண்ணீர் இல்லாத கண்மாயில். காய்கறித் தள்ளுவண்டியில் மூங்கிலை நட்டு, லாரிப் படுதாவைக் கட்டி, ஆடிக்காற்றில் ஏறி உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்க அலுவலகமே பஸ் ஏறிப் போயிருந்தது. வண்டி ஓர் ஆட்டுமந்தையை இரண்டாகப் பிரித்து, கண்மாயைக் குறுக்காகக் கடந்து, கருவேலம் புதருக்குள் மறைந்தது. பின்னாலேயே ஓடினோம். முகமெல்லாம் முள்ளோடு எழுந்து நின்றார்.

“திருப்ப வருதுக்கா. நிப்பாட்டத்தான் வரல.”

வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனாலும், தள்ள ஆளில்லாமல், வெறும் காற்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் கண்மாயைக் கடந்தாரே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் புல்லரிக்கிறது.

பிறகு மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை கடலோரத்துக்குப் போவார். திங்கட்கிழமை அறிக்கையோடு வருவார். பழைய படகை எப்படிப் பார்ப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவருக்குத் தெரிந்தது நிலம் பார்ப்பது. ஆகவே படகுக்கும் நான்கெல்லை எழுதினார். வடக்கே நல்ல பலகை, கிழக்கே ஒட்டுப் போட்ட பலகை, மேற்கே துருப்பிடித்த ஆணி, தெற்கே விரல் நுழைகிற அழுகல். ஒருமுறை அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வருவதற்குள் படகைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். தெற்கே எழுதிய அழுகல் வடக்கே இருந்தது. எல்லைத் தகராறு உள்ள படகு என்று குறித்துத் தள்ளுபடி செய்துவிட்டார்.

கேலி செய்தோமே தவிர, அவர் கண்ணுக்குத் தப்பியது எதுவும் இல்லை. ஒவ்வொரு பலகையையும் விரல் முட்டியால் தட்டிக் காதை வைப்பார். பாயை வெயிலுக்கு நேராகப் பிடித்து ஓட்டை தேடுவார். படகுக்குள் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றச் சொல்லி, வெளியே எங்கே கசிகிறது என்று மணலில் குப்புறப் படுத்துப் பார்ப்பார். எல்லாம் முடிந்த பிறகு, விற்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி.

“அண்ணே, ஒங்க பிள்ளைய ஏத்திக்கிட்டு ஒரு சுத்துப் போவோம். நானும் வாரேன்.”

ஒருவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார். ஒருவர் நாள் சரியில்லை என்றார். இன்னொருவர் தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றாராம். அவர் பின்னாலேயே மூன்று பிள்ளைகள் நின்றன. மாலுமி அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார். இப்படியே நான்கு வருஷம்.

ஒரு மே மாதம், “கெடச்சிருச்சுக்கா. சாட்சிக் கையெழுத்துக்கு நீங்க வரணும்” என்றார். பள்ளி விடுமுறை என்பதால் என் மகளையும் கூட்டிப் போனேன். அவளுக்குப் பதின்மூன்று வயது. அவரை மாமா என்பாள். அவள் அப்பாவுக்கு அப்போது கோயம்புத்தூரில் வேலை. அன்றைக்கு நடந்ததை அவரிடம் இதுவரை முழுசாகச் சொல்லவில்லை.

படகு இரண்டு கட்டில் நீளம்தான் இருக்கும். சொந்தக்காரர் மோட்டார் படகுக்கு மாறியதால் விற்கிறார். நான்கெல்லையும் சுத்தம். மாலுமி கேள்விக்காகத் தொண்டையைச் செருமினார். அதற்குள் படகுக்காரர் தன் மகளைத் தூக்கிப் படகில் உட்காரவைத்துவிட்டார். ஏழெட்டு வயதுப் பிள்ளை.

“ஒங்க கேள்வி இந்தக் கரை பூராத் தெரியும். எம்மக ஏறிட்டா. ஒங்க பக்கம் யாரு?”

நான்கு வருஷம் ஊரெல்லாம் கேட்ட கேள்வி தன் பக்கம் திரும்பும் என்று மாலுமி நினைத்திருக்கவில்லை. படகின் விளிம்பைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே நின்றார்.

“எனக்குன்னு யாரும் இல்லண்ணே. அப்ப நான் வாங்குறது நாயமில்ல. விடுங்க” என்று சொல்லிவிட்டு நான்கெல்லைக் கோப்பைக் கட்டினார்.

“நான் இருக்கேன்ல மாமா?” என்றாள் என் மகள். செருப்பு அதற்குள் கையில் இருந்தது.

“சும்மா இரு பாப்பா. அக்கா, வேணாம்னு சொல்லிருங்க.”

வேண்டாம் என்றுதான் வாயைத் திறந்தேன். யாரும் இல்லை என்று அவர் சொன்னது காதிலேயே நின்றது. என் தலை ஆடியது. சரி என்று ஆடியதா, நடுக்கத்தில் ஆடியதா என்று எனக்கே தெரியாது. மகள் சரியென்று எடுத்துக்கொண்டு ஏறிவிட்டாள். இதை எழுதும்போதும் கை அவளுக்குப் போன் போடப் போகிறது. அவள் இப்போது கல்லூரி விடுதியில் பத்திரமாக இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை.

படகுக்காரர் சுக்கான் பிடிக்க, நான்கு பேரும் போனார்கள். அரைமணியில் வருகிறோம் என்று போன படகு ஒரு மணி நேரமாகியும் வரவில்லை. காற்று ஏறியது. படகுக்காரரின் மனைவி அதுவரை என் பக்கத்தில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவள், வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். என் உயிர் அப்போதுதான் போனது. எங்கள் தெருப் பிள்ளையாருக்கு அன்றைக்கு எத்தனை தேங்காய் வேண்டிக்கொண்டேன் என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

அப்புறம், மணல்திட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பாய் வந்தது. முதலில் நுனி, பிறகு முழுசும். அத்தனை தண்ணீருக்கு நடுவே ஒரே ஒரு துணி, வயிறு முட்டக் காற்றை வாங்கிக்கொண்டு சாய்ந்து நின்றது. பெற்ற பிள்ளை அதற்குள் இருக்கிறாள் என்ற பயத்திலும், “எம்புட்டு அழகு” என்று சொல்லிவிட்டேன்.

கரை தட்டியதும் மாலுமி என் மகளை இறக்கிக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினார். “ஒப்படைச்சுட்டேன்க்கா” என்றவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். நான் அவரை ஒரு பாட்டம் திட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். என் பெயர் அவ்வளவு கோணலாக எங்கேயும் பதிவாகியிருக்காது.

பஸ்ஸில் மகள் தன் மணிக்கட்டைக் காட்டினாள். சுற்றிலும் விரல் பதிந்து சிவந்திருந்தது.

“மாமா விடவே இல்லம்மா. பக்கத்துல டால்பின் வந்துச்சு, அதக்கூடப் பாக்கல. போறப்பவும் வாரப்பவும் என்னையவேதான் பாத்துக்கிட்டு வந்தாரு.”

முன் இருக்கையில் மாலுமி கோப்புக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப் போயிருந்தார்.

மறுமாதம் இரண்டாம் சனிக்கிழமை தன் படகில் முதல் தடவையாகப் புறப்பட்டார். பஸ் நிலையத்துக்குப் போய் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தேன்.

“இந்தத் தடவையாவது கடலைப் பாருங்க, தம்பி” என்றேன்.