சரவெடி மேல் உட்கார்ந்த குடை டாக்டர்

வெடிச்சத்தத்துக்குப் பயந்துகொண்டே சிவகாசிப் பக்கம் குடிவந்த ஒரே மனிதர், இந்த உலகத்திலேயே எங்கள் குடை டாக்டராகத்தான் இருக்க முடியும்.

திருத்தங்கலில் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார். சுற்றியுள்ள பட்டாசுக் கம்பெனிகளில் புதுச் சரக்கை அவ்வப்போது வெடித்துப் பார்ப்பார்கள். எங்களுக்கு அது காக்காய் கத்துகிற மாதிரி, காதிலேயே விழாது. அவருக்கு அப்படியில்லை. தூரத்தில் ‘டமார்’ என்றால், என் தலைக்கு மேலே ‘தொம்’ என்று ஒரு குதி. அப்புறம் நெஞ்சு அடங்கும்வரை குறுக்கும் நெடுக்குமாக நடை. சீசன் நேரத்தில் மாடியில் யாரோ உலக்கை குத்துகிறார்கள் என்றே, கீழே இருக்கிற என் அச்சகத்துக்கு வருகிறவர்கள் நினைத்தார்கள்.

“டாக்டருன்னு சொன்னீகளே, ஊசி போடுவீகளா?” என்று என் மனைவி பார்வதி முதல் நாளே கேட்டாள்.

“இல்லைங்க. நான் வைரஸ் ஆராய்ச்சி பண்றவன். வவ்வாலோட மூத்திரம் பிடிக்க வந்திருக்கேன்.”

பார்வதி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சாவியை அப்போதுதான் அவர் கையில் கொடுத்திருந்தேன். திருப்பிப் பிடுங்கவா முடியும்?

அவர் நின்றபடியே விளக்கினார். உட்கார்ந்து பேசி நான் பார்த்ததே இல்லை, சாப்பாடுகூட நின்றுகொண்டுதான். சில வைரஸ்கள் வவ்வால் உடம்பில் சும்மா குடியிருக்குமாம். வவ்வாலுக்கு ஒன்றும் ஆகாது. அதுவே மனிதனுக்குத் தாவினால் மூளைக்காய்ச்சல், ரத்தம் கசிகிற காய்ச்சல் என்று ஆளையே சாய்த்துவிடும். தாவுவதற்கு முன்னாலேயே அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

“வராத காய்ச்சலைத் தேடி அலையுறது ஒரு உத்தியோகமா?” என்றேன்.

“வந்த பிறகு தேடினா லேட் சார்” என்று சொல்லிவிட்டு, அடுத்த வெடிக்கு ஒரு குதி குதித்தார்.

நாரணாபுரம் போகிற வழியில் கண்மாய்க்கரையில் ஒரு பெரிய அத்திமரம். கிளைக்குக் கிளை வவ்வால். விடிந்ததும் விடியாததுமாக வெள்ளை அங்கி, முகமூடி, கையுறை எல்லாம் மாட்டி, குடையை விரித்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விடுவார். மழையையே மறந்துபோன எங்கள் ஊரில் தினமும் குடை பிடித்த ஒரே ஆள். மேலேயிருந்து என்ன விழும் என்று தெரியாமல், “வெயிலுக்குப் பயந்த ஆளு” என்று பேசிக்கொண்டார்கள். அப்படி வந்த பெயர்தான் குடை டாக்டர்.

மரத்தடியில் விரிக்க ஒரு பெரிய விரிப்பு வேண்டும் என்றார். அச்சக உரிமையாளர் சங்கத்துக்கு நான் துணைத்தலைவர் ஆனபோது அடித்த ஃப்ளெக்ஸ் பரணில் கிடந்தது. ஆள் உயரத்துக்கு என் முகம். பெரிய மனசு பண்ணிக் கொடுத்தேன். மறுநாள் தெருவே கேட்கக் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

“சார்! உங்க மூக்குப் பக்கம்தான் சாம்பிள் அருமையா விழுந்திருக்கு!”

“முகத்தை மடிச்சுப் போட்டிருக்கக் கூடாதா?”

“மடிச்சா இடம் குறைஞ்சிடும் சார். உங்க முகம் நல்ல அகலம்.”

இப்படிப்பட்டவரைப் பார்வதியின் அண்ணன் மகள் சுபாவின் நிச்சயதார்த்தத்துக்குக் கூட்டிப்போனது என் புத்திசாலித்தனம். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தட்டிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது வவ்வால் கடிச்சது! யாரும் தொடாதீங்க!” என்று சத்தம் போட்டுவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா முகம் சுண்டிப்போனது. “எங்க பழத்தைக் குத்தம் சொல்லுத இந்த ஆளு யாரு?” என்று எழுந்தே விட்டார். பெண்ணைப் பெற்ற என் மச்சினன் கதிரேசன் பல்லைக் கடித்தான். டாக்டர் மறுபடி உற்றுப் பார்த்து, “மன்னிக்கணும், அணில்” என்றார்.

அந்த சுபாவுக்கே, கல்யாணத்துக்கு நாள் குறித்த கையோடு காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் ஈறில் ரத்தம் கசிந்தது. விருதுநகரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தைப் பரிசோதனைக்கு எடுத்திருந்தார்கள், ரிசல்ட் வரவில்லை. அதற்குள் ‘வவ்வால் காய்ச்சல்’ என்று ஊர் முழுக்க செல்போனில் வவ்வால் படம் பறந்தது. கதிரேசன் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவன். எங்கள் ஆட்களுக்கு எந்தத் தொல்லைக்கும் கைவசம் ஒரே வைத்தியம்தான்: வெடி. கம்பெனி ஆட்களைக் கூட்டிக்கொண்டு, சைக்கிள் டயர் மாதிரி சுருட்டிய பெரிய சரவெடியோடு அத்திமரத்துக்குக் கிளம்பிவிட்டான். நானும் டாக்டரும் பின்னாலேயே ஓடினோம்.

“வேண்டாங்க!” என்றார் டாக்டர் மூச்சிரைக்க. “அரண்டுபோன வவ்வால் உடம்புலேருந்துதான் வைரஸ் அதிகமா வெளியேறலாம். இப்ப ஒரே மரத்துல கிடக்கு. கலைச்சீங்கன்னா ஊர்ல இருக்கிற கொய்யாத் தோப்பு, கிணத்தடின்னு எல்லாப் பக்கமும் போயிடும்!”

“எம் மக அங்கன ரத்தம் கக்கிக் கிடக்கா. நீரு வவ்வாலுக்கு வக்காலத்து வாங்குதீரா? தள்ளும்யா!”

சரவெடியை மரத்தடியில் வைத்தான். ஊதுபத்தியைப் பற்றவைத்தான். அப்போதுதான் டாக்டர் அந்தக் காரியத்தைச் செய்தார். குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, சரவெடியின் மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு கம்பெனியில் ‘டமார்’. குடை ஒரு முழம் எகிறியது. கண்களை இறுக்க மூடிக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

கதிரேசன் எவ்வளவு கோபத்திலும் பட்டாசுக்காரன். வெடிப் பக்கத்தில் ஆள் இருந்தால் நெருப்பை நீட்டமாட்டான். ஊதுபத்தியைக் கீழே போட்டுச் செருப்பால் தேய்த்தான். “ஏலே, எல்லாரும் தள்ளிப் போங்கலே! சரத்து மேல மனுசன் உக்காந்திருக்கான்!” என்று கத்தியவன், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டான்.

டாக்டர் கண்ணைத் திறந்தார். “பொண்ணு இந்தப் பக்கம் வருவாங்களா?”

“வரவே மாட்டா. பகலெல்லாம் கம்பெனி ஆபீஸ்ல இருந்து பில்லு போடுவா.”

“பகலெல்லாமா?” என்று எழுந்தவர், “கம்பெனிக்குப் போகலாம், வாங்க” என்று நடந்தார். வெடிச்சத்தத்துக்கே குதிக்கிறவர், பட்டாசுக் கம்பெனிக்குள் தானாகவே நுழைகிறார்! வாசலைத் தாண்டும்போது என் கையைப் பிடித்தார். நகம் பதிந்த தடம் சாயங்காலம்வரை இருந்தது.

ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே, தீப்பிடித்தால் அணைக்க வரிசையாகத் தண்ணீர்த் தொட்டிகள். டாக்டர் குனிந்து பார்த்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். தண்ணீருக்குள் புழுப் புழுவாக நெளிந்தது.

“டெங்குக் கொசு இந்த மாதிரித் தண்ணியிலதான் வளரும். பகல்லதான் கடிக்கும். ரிசல்ட் வரட்டும். ஆனா இதை இப்பவே கொட்டுங்க.”

“தொட்டி நெறஞ்சிருக்கான்னுதான்யா தெனமும் பாப்போம்” என்றான் கதிரேசன். “உள்ள என்ன கெடக்குன்னு யாரு பாத்தா?”

தொட்டிகளை ஒன்று விடாமல் கொட்டி, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு வலை கட்டினான். ஆஸ்பத்திரி ரிசல்ட் வரும்வரை நாங்களும் டாக்டர் மாதிரியே குறுக்கும் நெடுக்குமாக நடந்தோம். டெங்கு என்றே வந்தது. சுபா மெல்லத் தேறி வீட்டுக்கு வந்தாள். வவ்வால் சாம்பிளில் ஆபத்தான வைரஸ் எதுவும் இல்லை என்று அப்புறம் செய்தி வந்தது. “இந்தத் தடவை இல்லை” என்றார் டாக்டர், பாதி நிம்மதியும் பாதிக் கவலையுமாக.

குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. மண்டபத்துக்கு வந்த பழம் அத்தனையையும் டாக்டர் பார்த்து முடிக்கும்வரை, மாப்பிள்ளை வீட்டாரையே வாசலில் காக்கவைத்தான் கதிரேசன். அன்று ஒரு சரவெடிகூட வெடிக்கவில்லை. பட்டாசுக் கம்பெனிக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் வெறும் மத்தாப்பு! ஊரே சிரித்தது. அவன் கவலைப்படவில்லை.

டாக்டர் இப்போது எங்கோ ஒரு மலைக்காட்டில் இருக்கிறார். என் ஃப்ளெக்ஸையும் கழுவி மடித்துக் கொண்டுபோய்விட்டார். மாடிக்கு வேறு யாரையும் நான் இன்னும் குடிவைக்கவில்லை.

இப்போதும் எங்காவது ‘டமார்’ என்றால் நானும் பார்வதியும் சட்டென்று மேலே பார்க்கிறோம். யாரும் குதிக்கவில்லை. வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. எங்களுக்குத்தான் அது பிடிக்கவில்லை.