காது கேளாதோருக்கான சாய்வுப் பாதை

காது கேளாத குடிநோயாளிகளைக் கைவிடாத மையம் உலகத்திலேயே ஒன்றுதான். அது பிஷ்கெக் நகரில் இருக்கும் எங்கள் மையம். ஆதாரம் வேண்டுமா? அவர்களுக்கென்றே வாசலில் சக்கர நாற்காலி ஏறும் சாய்வுப் பாதை கட்டியிருக்கிறோம். 'தடையற்ற மையம்' என்று மேலிடத்தில் பலகையும் கொடுத்துவிட்டார்கள். பாதையைத் திறந்துவைத்த துணைத் தலைமை மருத்துவர் அடியேன்தான்.

அந்தப் பாதையில் முதலில் நடந்து வந்தவன் உலார்பெக். வெல்டிங் வேலை, பிறவியிலேயே காது கேட்காது. கூடவே மனைவி புருல்.

"டாக்டர், இவரு தானாத்தான் வந்திருக்காரு. இந்த வாட்டியும் குடி நிக்கலேன்னா பிள்ளையத் தூக்கிக்கிட்டு நரினுக்கு எங்கம்மா வீட்டுக்கே போயிடுவேன்."

"ரொம்ப சந்தோஷம். முதல்ல நம்ம உதவி எண்ணுக்குப் போன் பண்ணி, அவரு சம்மதம் சொல்லணும்."

"அவருக்குத்தான் காது கேக்காதே!"

"அதனாலதான் அங்க சத்தமாப் பேசுற ஆளா உக்கார வச்சிருக்கோம்."

போனை அவன் காதில் வைத்தோம். 'மறுப்பு ஏதும் இல்லை' என்று பதிவு செய்துகொண்டோம்.

எங்கள் சிகிச்சைக்குப் பெயர் 'கோடிங்'. கணினிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குடிகாரரைக் கண்மூடி உட்காரவைத்து, "இனி தொட்டால் செத்தாய்!" என்று மண்டைக்குள் ஏற்ற வேண்டும். எங்கள் மருத்துவர் மாக்சத் குரலெடுத்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

"அவரு கண்ணைத் திறந்திருந்தா நான் கையால சொல்லிடுவேன்," என்றாள் புருல்.

"கண்ணைத் திறந்தா பலிக்காதும்மா. சொந்தக்காரங்க வெளிய இருங்க."

கதவைச் சாத்தியதும் உலார்பெக் கண்ணைத் திறந்து, இரண்டு கைகளையும் வேகவேகமாக ஆட்டினான். 'நடுக்கம், பிதற்றல்' என்று நர்ஸ் உடனே கண்டுபிடித்தார். கைகளைக் கட்டிலோடு கட்டினோம். என்ன ஆச்சரியம், பிதற்றல் நின்றுவிட்டது!

புருல் தினமும் வாசலுக்கு வந்தாள். "என்ன சொல்றாரு டாக்டர்?"

"ஒண்ணுமே சொல்லல. நல்லா இருக்காரு."

அவ்வளவு அமைதியான நோயாளியை நாங்கள் பார்த்ததேயில்லை. 'பூரண குணம்' என்று எழுதி அனுப்பிவைத்தோம்.

அன்று மாலை, பலகை கிடைத்ததைக் கொண்டாட ஒரு பாட்டில் கோன்யாக் பிராந்தி வாங்கலாமென்று முக்குக் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் உலார்பெக் நின்றிருந்தான். சாலைக்கு அந்தப் பக்கம் புருல் பிள்ளையோடு நரின் வண்டிக்குக் காத்திருந்தாள். கடைக்காரர் அவன் மணிக்கட்டுத் தழும்பைத் தொட்டு, விரல்களால் ஏதோ கேட்டார். அவன் கைகள் நிற்காமல் பேசின.

"அவர் பாஷை உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தினமும் வர்ற ஆளு. கத்துக்காம எப்படி யாவாரம் பண்றது?" ஓட்காவை அவன் பக்கம் நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தார். "உள்ள யாரோ கட்டிப்போட்டாங்களாம். எதுக்குன்னு கேக்குறாரு. உங்களுக்குத் தெரியுமா டாக்டர்?"

நான் கோன்யாக்கை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். இத்தனைக்கும் அந்தக் கடை வாசலில் ஒரு சாய்வுப் பாதைகூடக் கிடையாது.