விபூதி பூசிய டாட்சன்

தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. வேலையைத் தொடங்கும்வரை எல்லாரும் நம்மை மரியாதையாகப் பார்ப்பார்கள். எனக்கு அந்த மரியாதை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிடைத்து, மறுநாள் மத்தியானத்துக்குள் தீர்ந்துபோனது.

எழுபதுகளின் கடைசி. நானும் என் மனைவி ரீட்டாவும் சிங்கப்பூரில், மார்சிலிங்கில் மூவறை வீடு ஒன்றில் குடியிருந்தோம். நான் ஒரு கப்பல் பட்டறையில் ஸ்டோர் கிளார்க். ரீட்டா கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். என் வீட்டிலோ வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாவிட்டால் அடுப்புப் பற்றாது. இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். என் அம்மா சில மாதங்கள் அழுதுவிட்டு, பிறகு ரீட்டாவை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்சாத குறையாக மாறிவிட்டார். ரீட்டாவின் அப்பா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான்.

மாமா துறைமுகத்தில் போர்மேன். கீழே நின்றபடியே கப்பலின் மேல்தட்டில் இருப்பவனை ஓடவைக்கும் குரல் அவருக்கு. அந்தக் குரலை வைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருக்கும் என்னிடம் ஒரு சொல் சொல்லமாட்டார். "ரீட்டா, அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளு" என்பார். நான் "போதும்" என்பேன். ரீட்டா ஏதோ சீனத்திலிருந்து மொழிபெயர்ப்பதுபோல "போதுமாம் டாடி" என்பாள். கல்யாணமானதிலிருந்து இப்படியேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

இந்த நிலையில் ரீட்டாவின் தங்கை செசிலியாவுக்குக் கல்யாணம் முடிவானது. காத்தோங்கில் அவர்கள் வீட்டு வாசலில் நிற்கும் கருநீல டாட்சனில்தான் மகள் தேவாலயத்துக்குப் போகவேண்டும் என்பது மாமாவின் ஆசை. அந்தக் காரை வேறு யாரும் தொடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவரே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கழுவி, பாலிஷ் போட்டு, வாக்ஸ் பூசித் துடைப்பார். பானெட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் வாடகை நாற்காலிகளைத் தூக்கப்போய் மாமாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. குனியவே முடியவில்லை. சாய்வு நாற்காலியில் கிடந்தபடி, "காரை யாரு கழுவுறது?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டார்.

"நான் பாத்துக்குறேன்" என்றேன். வீடே திரும்பிப் பார்த்தது. அந்தக் கவனம் எனக்குப் போதையேற்றிவிட்டது. "வாஷிங், பாலிஷிங், வாக்ஸிங் எல்லாம் நமக்குத் தண்ணிபட்ட பாடு. கப்பலுக்கே பாலிஷ் போடுற எடத்துல வேலை பாக்குறவன் லா நான்."

(பட்டறையில் என் வேலை பாலிஷ் டின்களை அலமாரியில் அடுக்குவது. எனக்குச் சொந்தமாக இருந்தது ஒரு சைக்கிள். அதையும் மழைதான் கழுவும்.)

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "ரீட்டா, சாமான் எல்லாம் பின்னால அலமாரியில இருக்குன்னு சொல்லு" என்றார்.

அன்றிரவு காத்தோங்கிலேயே தங்கினோம். ரீட்டா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு இது மட்டும் ஒழுங்கா நடந்துச்சுன்னா, டாடி உங்ககிட்ட பேசிருவாருங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எழுந்துபோய்க் காரை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து படுத்தேன்.

மறுநாள் காலையில் கழுவும் வேலை நன்றாகத்தான் நடந்தது. கூரையிலிருந்து தொடங்கிக் கீழே வந்தேன். ஷாம்பூ நுரையில் கார், துருவிய ஐஸைக் குவித்த ஐஸ் கச்சாங் மாதிரி நின்றது. ஹோஸ் பைப்பால் அடித்து, தண்ணீர் உறிஞ்சும் தோல்துணியால் துடைத்து, பாலிஷும் போட்டு முடித்தேன். பக்கத்து வீட்டுச் சீன அம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

அடுத்தது வாக்ஸ். டின்னின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. காரை நிழலில் நிறுத்தவேண்டும், லேசாகப் பூசவேண்டும், ஒரு பகுதியைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் அடுத்த பகுதிக்குப் போகவேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. அதை நான் மறுநாள் படித்தேன். அன்றைக்கு எனக்குத் தோன்றியது வேறு. முழுக் காருக்கும் ஒரேயடியாகப் பூசிவிட்டு, பிறகு ஒரேயடியாகத் துடைத்தால் வேலை சீக்கிரம் முடியுமே! வறுக்கப்போகும் மீனுக்கு மசாலா தடவுவதுபோல, இண்டு இடுக்கு விடாமல், நல்ல கனமாகத் தடவினேன். கார் சுள்ளென்ற வெயிலில் நின்றது.

கடைசிக் கதவுக்குப் பூசி நிமிரும்போது ரீட்டாவின் அம்மா வாசலுக்கு வந்தார். "மாப்பிள்ளை, தேக்காவுல பூ ரெடியாயிருச்சாம். ஒரு நடை போய் எடுத்துட்டு வந்துருங்களேன்."

"இதோ போறேன் அத்தை" என்று அப்படியே கிளம்பிவிட்டேன். வாக்ஸ் நன்றாக ஊறட்டும் என்று நினைத்ததாகவும் ஞாபகம்.

தேக்காவில் பூக்காரர் மாலையைக் கட்டி முடிக்கவில்லை. நுரை ததும்ப ஆற்றிய தே தாரிக் ஒன்று குடித்தேன். தெரிந்தவர் ஒருவர் வந்தார், கார் பராமரிப்பைப் பற்றி அவருக்குச் சில யோசனைகள் சொன்னேன். மாலைகளோடு டாக்சி பிடித்து நான் திரும்பியபோது, வீட்டு வாசலில் கூட்டம்.

கருநீல டாட்சனைக் காணவில்லை. அதே இடத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. கூரை, பானெட், கதவுகள் எல்லாம் சாம்பல் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தன. என் விரல்கள் போன தடமெல்லாம் பட்டை பட்டையாகத் தெரிந்தது. பானெட்டில் மட்டும் அச்சு அசலாக மூன்று பட்டை.

மாமா ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி நின்றிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. "ரீட்டா, என் காருக்கு எதுக்கு விபூதி பூசி வச்சிருக்காருன்னு கேளு."

ரீட்டா என்னைப் பார்த்தாள்.

"விபூதி இல்ல, வாக்ஸ்" என்றேன்.

"வாக்ஸாம் டாடி."

ரீட்டாவின் பெரியம்மா ஒருவர் தலைநிறையச் சுருள் போட்டுக்கொண்டு நின்றார். "நம்ம கோயிலுக்குப் போற காரை, அவங்க கோயிலுக்கு நேர்ந்து விட்டுட்டாரு போல" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நான் வேண்டுமென்றே செய்துவிட்டேன் என்று அவர் நிஜமாகவே நினைத்தார்.

அத்தை சமாதானம் செய்யப் பார்த்தார். "சாம்பல் புதன்னு நெனச்சுக்கங்களேன். நாமளும்தானே நெத்தியில பூசிக்கிறோம்?"

நான் துணியை எடுத்து ஓடிப்போய்த் தேய்த்தேன். ஒன்றும் வரவில்லை. வாக்ஸ் சிமெண்டாகியிருந்தது. முழு பலத்தையும் கொடுத்துத் தேய்த்ததில் உள்ளங்கை அளவுக்கு நீலம் தெரிந்தது. அதைப் பார்த்து யாராவது கைதட்டுவார்கள் என்று நிமிர்ந்தேன். எல்லாரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு நடந்ததைப் பக்கத்து வீட்டுச் சீன அம்மா வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாராம். பழைய கைலி, துண்டு, தலையணை உறை என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கல்யாண வீடே காரைச் சூழ்ந்துகொண்டது. பெரியம்மா ஒரு கதவு, அத்தை ஒரு கதவு, ரீட்டா டிக்கி. முகத்தில் பாதி மேக்கப்போடு கல்யாணப் பெண்ணே வந்து முன்விளக்கைத் தேய்த்தாள். பானெட்டை மட்டும் மாமா யாருக்கும் விடவில்லை. ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு முனகல். அந்த முனகல்கள் என் தலையில் குட்டுவதுபோல விழுந்துகொண்டிருந்தன.

ஒருவழியாகக் கார் மறுபடி நீலமானது. எல்லாரும் குளிக்க ஓடினார்கள்.

அதோடு நான் விட்டிருக்கவேண்டும். ஆனால் டின்னில் இன்னும் கொஞ்சம் வாக்ஸ் மிச்சமிருந்தது. மாமாவின் மனம் குளிர ஏதாவது செய்யவேண்டும் என்று துடித்தேன். காருக்குள் எட்டிப் பார்த்தேன். கறுப்பு ரெக்சின் சீட்டுகள் மங்கலாகத் தெரிந்தன.

(ஆமாம், பூசினேன். இந்த முறை உடனுக்குடன் துடைத்தேன். சீட்டுகள் கண்ணாடிபோல மின்னின. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.)

மாமாவால் கார் ஓட்ட முடியாத நிலை. பட்டறை வேனை அவ்வப்போது ஓட்டிய பழக்கம் இருந்ததால் நான் ஓட்டினேன். பக்கத்தில் ரீட்டா. பின்னால் வெள்ளைப் பட்டுப் புடவையும் தலையில் வலை முக்காடுமாகச் செசிலியா, அவளுக்குப் பக்கத்தில் கறுப்புக் கோட்டும் சூட்டுமாக மாமா. முதல் வளைவில் இடது பக்கம் திரும்பினேன். செசிலியா அப்படியே வழுக்கிப்போய் மாமாவின் மேல் மோதினாள்.

"அய்யோ, சாரி டாடி!"

அடுத்து வலது பக்கம் திரும்பினேன். மாமா வழுக்கிப்போய் அவள்மேல் சாய்ந்தார். மூன்றாவது வளைவில் இருவரும் பூச்செண்டும் சேர்ந்து ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். என்னால் திரும்பிப் பார்க்கமுடியவில்லை. நானே ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். ரீட்டா கதவுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, "என்னங்க பண்ணீங்க? சீட்டுல என்ன பண்ணீங்க?" என்று பல்லைக் கடித்தபடி கேட்டாள்.

கார் சிலோன் ரோட்டில் பிள்ளையார் கோயிலைத் தாண்டியது. பழக்கதோஷம், ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அந்தக் கணம் பார்த்து ஒரு ரொட்டிக்காரர் சைக்கிளோடு குறுக்கே வந்தார். பிரேக்கை மிதித்தேன்.

ரொட்டிக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்தால் பின்சீட்டில் யாருமே இல்லை. பெண்ணும் பெண்ணைப் பெற்றவரும் கீழே, கால் வைக்கும் இடத்தில், உட்கார்ந்திருந்தார்கள்.

அங்கேயிருந்துதான் அந்தக் குரல் வந்தது. துறைமுகக் குரல்.

"டேய் மடையா! கண்ணத் தொறந்து ஓட்டுடா!"

ரீட்டா மெல்லத் திரும்பி, "டாடி, நேரா அவர்கிட்டயே பேசிட்டீங்க" என்றாள். செசிலியா கீழே கிடந்தபடியே வலைக்குள் சிரிக்க ஆரம்பித்தாள். "சரிங்க மாமா" என்றேன். அவரிடம் நேராக நான் சொன்ன முதல் வார்த்தையும் அதுதான்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. தேவாலய வாசலில் இறங்கி, செசிலியாவின் கையைத் தன் கையில் கோத்துக்கொண்டு மாமா முன்னால் நடந்தார். கடைசி வரிசையில் ஓரமாக உட்காரலாம் என்று பின்னால் வந்த நான் அப்போதுதான் பார்த்தேன். அவருடைய கறுப்பு டிரவுசரின் பின்பக்கம், உட்காரும் இடத்தில், இரண்டு வெள்ளை வட்டங்கள். சீட்டில் இருந்த வாக்ஸ் மொத்தமும் அங்கே குடியேறியிருந்தது. மணப்பெண் வெள்ளைப் புடவையில் இருந்ததால் தப்பித்தாள்.

ஆர்கன் ஒலித்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். மாமா வரிசை வரிசையாகத் தாண்டத் தாண்ட எல்லாருடைய கண்ணும் அங்கேதானே போகும்? யோசிக்க நேரமில்லை. ஓடிப்போய் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டேன். அவர் ஓர் எட்டு வைத்தால் நானும் ஓர் எட்டு. இப்படியே, விபூதிக்காரனான நான், மணப்பெண் ஊர்வலத்தில் மூன்றாவது ஆளாக, பீடம்வரை நடந்து போனேன். ஆர்கன் வாசித்தவர் ஒரு சுரத்தைத் தவறவிட்டார்.

பீடத்தின் முன் மாமா திரும்பினார். என் மூக்கும் அவர் மூக்கும் இடித்துக்கொள்ளும் தூரம்.

"நீ எதுக்குடா இங்க வந்த?" கிசுகிசுப்பு என்று அவர் நினைத்தது கடைசி வரிசைவரை கேட்டது.

"மாமா, உங்க பின்னால... வெள்ளையா இருக்கு. வாக்ஸ்."

அவர் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். விரலில் ஒட்டியதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாதிரியாரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார் மாமா. "என் பின்னாலயே நில்லு. நகர்ந்த, கொன்னுருவேன்."

நகரவில்லை. பூசை முடியும்வரை, வாசலில் கைகுலுக்கும்போது, படம் எடுக்கும்போது, இரவு விருந்தில்கூட அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றேன். மாப்பிள்ளை வீட்டார் என்னை மாமாவின் மெய்க்காப்பாளர் என்று நினைத்தார்களாம். அந்த நாளிலிருந்து மாமா என்னோடு பேசாத நாளே கிடையாது. பாதி திட்டுதான், ஆனாலும் பேச்சுதான்.

அன்றிரவு வீடு திரும்ப, மாமா காரில் ஏறுமுன் உள்ளங்கையால் சீட்டை ஒரு தடவு தடவிப் பார்த்தார். அவரைப் பார்த்து அத்தையும் தடவினார். அது அப்படியே வீட்டில் எல்லாருக்கும் தொற்றிக்கொண்டது. டாக்சியோ, பஸ்ஸோ, யாருடைய காரோ, எங்கள் வீட்டு ஆட்கள் சீட்டைத் தடவிவிட்டு, என்னை ஓர் ஓரப்பார்வை பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

பல வருஷம் கழித்து என் மகளுக்குக் கல்யாணம். பினாங்கிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா, நாங்கள் ஒவ்வொருவராகச் சீட்டைத் தடவிவிட்டுக் காரில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தன் முறை வந்ததும் செருப்பைக் கழற்றினார். சீட்டைப் பயபக்தியோடு தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "உங்க பக்கத்து வழக்கமா?" என்று கேட்டார்.

எண்பதைத் தாண்டிய மாமா சிரிக்காமல் சொன்னார். "ஆமாம்மா. எங்க மருமகன் கொண்டாந்தது."

போன வருஷம் பினாங்கு போயிருந்தோம். எல்லாரும் கடற்கரைக்குக் கிளம்பியபோது, சம்பந்தியம்மாவின் பேரப்பிள்ளைகள் வேனின் சீட்டை ஒவ்வொருவராகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.